கயிறு அவிழவில்லை

ஆரணியில் கடல் கிடையாது, மேடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதெல்லாம் கடலில் நடந்தது. "இந்த ஆளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்" என்று உங்களுக்குத் தோன்றலாம். கமண்டல நாகநதியில் நாலு நாள் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று போட்டோ எடுக்கிற ஊர் இது. இந்த ஊரிலிருந்து ஒருவன் கிளம்பிப் போய் அந்தமானில் பாய்மரப் படகு ஓட்டினான். ஓட்டினான் என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பிரச்சினையே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

என் மச்சான் ஜெயவேல் நேற்று இந்த ஸ்டேஷனில் உங்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். மச்சான் என்றால் என் மனைவி கன்னியம்மாளின் தம்பி, பவர்லூம் மெக்கானிக். "யாரும் வேணும்னு பண்ணல மேடம், தானா நடந்துபோச்சி" என்று அதில் சொல்லியிருக்கிறானாம். அது பொய். நல்ல எண்ணத்தில் சொன்ன பொய், ஆனாலும் பொய். என் மீது புகார் கொடுத்தது என் மனைவி. அவள் புகார் எழுத்துக்கு எழுத்து சரி. அவனுடைய வாக்குமூலம்தான் தப்பு. அதைத் திருத்தத்தான் நானே நடந்து வந்திருக்கிறேன். இரண்டில் எது நிற்கப்போகிறது என்பதில் என் மானமே இருக்கிறது.

உங்கள் பிரிண்டர் ஏதோ கரகரவென்கிறது. இருக்கட்டும். வெளியே பெஞ்சில் ஜெயவேல் உட்கார்ந்திருக்கிறான் என்று அவனை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். காரணம் போகப்போகத் தெரியும்.

பெயர் சுப்பராயலு. வயது அறுபத்தொன்று. பட்டு வியாபாரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். "இனிமே கடையைப் பையன்கிட்ட உட்டுட்டு மனசுக்குப் புடிச்சது எதனா பண்ணுங்க" என்றார் டாக்டர். எனக்கு என்ன பிடிக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, எனக்கே தெரியாது. ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரத் தம்பதிகள் அரைக்கால் சட்டையோடு தீவு தீவாகப் பாய்மரப் படகில் போகிறார்கள். மீன் சுடுகிறார்கள், கிடார் வாசிக்கிறார்கள், சூரியன் மறைகிறது. ஒரு வீடியோவிலாவது யாராவது கக்கூஸ் பம்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா என்றால் இல்லை. அந்த இடத்தையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் வீடியோ போடுகிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

படகை போர்ட் பிளேரில் ஒரு டச்சுக் கிழவரிடம் வாங்கினேன். முப்பத்து நாலு அடி. சாவியைக் கொடுக்கும்போது கிழவர் அழுதுவிட்டார். பிரிவுத் துயரம் என்று நினைத்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அது ஆனந்தக் கண்ணீர் என்று நாலாவது நாள் புரிந்தது. படகுக்கு "ஸ்ரீ ரேணுகாம்பாள்" என்று பெயர் எழுதிப் பூஜை போட்டோம். சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை எதன் கீழே வைப்பது என்று கொஞ்சம் குழப்பம் இருந்தது. மற்றபடி எல்லாம் முறையாக நடந்தது.

முறை என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன். நான் பயிற்சி பெற்றவன். புதுச்சேரியில் நாலு நாள் வகுப்பு. மூன்றாம் நாளும் நாலாம் நாளும் கடையில் கல்யாணப் பட்டு எடுக்கிற கூட்டம், போக முடியவில்லை. முதல் நாள் அறிமுகம், டீ, குரூப் போட்டோ. ஆக, இரண்டாம் நாள் முழுக்கப் பயிற்சி. சான்றிதழ் நாலு நாளுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் குமரேசன் ஃப்ளெக்ஸ் வைத்தான். குமரேசன் டிஜிட்டல்ஸ், ஊரில் பிறப்பு, காதுகுத்து, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ் அடிப்பது அவன்தான். முன்னால் தொப்பியும் பைனாகுலருமாக நான். பின்னால் பீரங்கி வைத்த ஒரு போர்க்கப்பல். பாய்மரப் படகுப் படம் அவசரத்துக்குக் கிடைக்கவில்லையாம். நான் திருத்தச் சொல்லவில்லை. பட்டு வியாபாரிகள் சங்கத்தில் சால்வை போட்டார்கள். நான் திரும்பி வந்ததும், பிப்ரவரி இருபதாம் தேதி ஆண்டு விழாவில் "ஆழிச் செம்மல்" என்று பட்டம் கொடுப்பதாகத் தீர்மானமும் போட்டார்கள். பட்டத்தின் பெயரை யார் எழுதிக் கொடுத்தது என்பது இங்கே முக்கியமில்லை. டீக்கடையில்கூட "கேப்டனுக்கு சக்கரை இல்லாம ஒண்ணு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அறுபது வருஷம் "சுப்பராயலு அண்ணே" என்று கேட்ட காதுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஜெயவேலை நான் கூப்பிடவில்லை. "என் தம்பி கூட வந்தா போங்க. இல்லாங்காட்டி நானே வந்து படகுல குந்திக்குவேன்" என்றாள் கன்னியம்மாள். இரண்டில் சின்னது எதுவோ அதை ஏற்றுக்கொண்டேன்.

அவனைப் பற்றி நான் எந்தக் குறையும் சொல்லப்போவதில்லை. நாற்பத்தைந்து வயசு. பேச்சு குறைவு. பவர்லூம் மோட்டார் கத்துகிற கத்தலை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று தெருமுனையிலிருந்து சொல்லிவிடுவான். அதற்கு முன் கடலை ஒரே தடவை, மெரினாவில் பார்த்திருக்கிறான். அப்போதும் பலூன் சுடுகிறவனின் துப்பாக்கி சரியில்லை என்று அதைக் கழற்றி மாட்டிக் கொடுத்துவிட்டு, அலையில் கால் நனைக்காமல் திரும்பி வந்தவன்.

போர்ட் பிளேரிலிருந்து படகில் கிளம்பிய முதல் இரண்டு நாள் ஒரே வாந்தி. யாருக்கு என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லை.

மூன்றாம் நாள் எஞ்சின் சூடாகி நின்றது. நாலாம் நாள் கக்கூஸ் பம்ப். ஐந்தாம் நாள் கீழே தண்ணீர் கசிந்து அரிசி மூட்டை நனைந்தது. ஹேவ்லாக் தீவில் பச்சைத் தண்ணீர், வெள்ளை மணல், தென்னை மரம், எல்லாம் வீடியோவில் வந்தது போலவே இருந்தது. நாங்கள் அதை எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கிரீஸ் கைகளுக்கு நடுவில் பார்த்தோம். இரண்டு கையும் ஜெயவேலுடையவை. ஊரிலிருந்து பையில் கொண்டுவந்த ஜக்கார்டு அட்டையை, தறியில் டிசைனுக்குப் போடுகிற அட்டையை, கத்தரித்து எஞ்சினுக்கு கேஸ்கட் செய்தான். தறியில் நாடாவை அடித்துத் தள்ளுகிற பிக்கர் தோலை அறுத்துப் பம்புக்கு வாஷர் போட்டான். "தறியும் இதுவும் ஒண்ணுதான் மாமா. ரெண்டும் நம்ம பேச்ச கேக்காது. நாமதான் அது பேச்ச கேக்கணும்" என்றான். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு அடிவானத்தைப் பார்த்தேன். படகு அப்போது நங்கூரத்தில் நின்றிருந்தது. ஆனாலும் ஒருவர் பார்க்க வேண்டும்.

சுற்றிலும் வெளிநாட்டுக்காரர்களின் படகுகள் ஏழெட்டு நின்றன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று உடைந்திருந்தது. நான்கு நாளில் அவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. காலை ஏழு மணிக்கே ரப்பர் படகில் வந்து "மிஸ்டர் ஜயாவேல்! மிஸ்டர் ஜயாவேல்!" என்று கூப்பிடுவார்கள். இவன் ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு போவான். சாயங்காலம் பிஸ்கட், கூலிங் கிளாஸ், பாட்டு கேட்கிற சின்னப் பெட்டி என்று எதையாவது கொடுத்தனுப்புவார்கள். ஒரு பிரெஞ்சுக்காரன் தன் படகின் கிழிந்த பாயை எடுத்து வந்தான். ஜெயவேல் பட்டு நூலை எட்டாக மடித்து முறுக்கி அதைத் தைத்துக் கொடுத்தான். அந்தத் தையலை ஆறு பேர் போட்டோ எடுத்தார்கள். நான் தொப்பியோடு பக்கத்தில்தான் நின்றேன். போட்டோவைப் பிறகு பார்த்தேன். என் கை மட்டும், முழங்கை வரைக்கும் விழுந்திருந்தது.

எனக்குப் பொறாமை கிடையாது, மேடம். முப்பத்தைந்து வருஷம் பட்டு விற்றவன். எதிர்க்கடைக்குக் கூட்டம் போவதைப் பார்த்துக்கொண்டே சிரித்த முகமாக உட்காரத் தெரிந்தவன்.

ஒரு நாள் ஒரு ஜெர்மன் அம்மாள் வந்தார். ஜெயவேல் எஞ்சினுக்கடியில் படுத்திருந்தான். நான் கரண்டியோடு வெளியே வந்தேன். அவன் வேலையாக இருக்கும்போது சோறு தானாக வேகாதே. அந்த அம்மாள் என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "நீங்கள் மிஸ்டர் ஜயாவேலின் சமையல்காரரா?"

நான் இல்லை என்று சொன்னேன். கோபப்படவில்லை. அவருக்கு ரசம்கூடக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் படகில் எதுவும் உடையவில்லை. அப்படி ஒரு நாள் அதற்கு முன் வந்ததில்லை. ஜெயவேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கடலையே பார்த்தான். பாவமாக இருந்தது. வேலைக்காரனுக்கு வேலை இல்லாவிட்டால் மனசு கெட்டுவிடும் என்று, எஞ்சின் குழாயை இறுக்கிப் பிடிக்கிற ஒரு ஹோஸ் கிளாம்பை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டேன். முழுக்க முழுக்க அவன் நன்மைக்காகச் செய்தது. பத்து நிமிஷத்தில் சரி செய்துவிட்டான். ஆகவே அடுத்த நாள் இரண்டு கிளாம்ப். அதற்கடுத்த நாள் டீசலில் ஒரு சொம்பு கடல் தண்ணீர். பிறகு நூல் கத்தரியால் பாயில் ஒரு சாண் வெட்டு. ஸ்பேனர் பையைக் கடலில் போட்டேன். மீன் பிடிக்கிற அருள்மணி என்பவரைக் கூப்பிட்டு, ஜெயவேல் அதை மூழ்கி எடுக்க வைத்துவிட்டான். அந்த அருள்மணியும் தமிழர்தான். அதிலிருந்து அவரும் இவனுக்கு நண்பர்.

ஒரு பொருளாவது இவனால் சரி செய்ய முடியாமல் போகாதா, "மாமா, என்னால ஆவல, நீங்க பாருங்க" என்று ஒரு தடவையாவது சொல்ல மாட்டானா என்பதுதான் என் எதிர்பார்ப்பு. சொல்லியிருந்தால் நானும் பார்த்திருப்பேன். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் அவன் சொன்னது வேறு. "மாமா, இதெல்லாம் தானா லூசாகல. எலி கீது போல. பேஜாரா போச்சி" என்றான். அருள்மணியிடம் சொல்லி ஒரு எலிப்பொறி வாங்கி வந்து, கருவாட்டுத் துண்டு குத்தி, எஞ்சின் பக்கத்தில் இருட்டான இடத்தில் வைத்தான். எனக்குத் தெரியாமல் வைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிப்ரவரி நாலாம் தேதி, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தப் பொறியில் என் வலதுகைச் சுட்டுவிரல் மாட்டிக்கொண்டது.

ஜெயவேல் ஓடி வந்தான். பொறியைப் பிரித்தான். விரலைக் கழுவி மஞ்சள் வைத்துத் துணி சுற்றினான். என் இன்னொரு கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது; அதை மெதுவாக வாங்கிப் பையில் வைத்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ரெண்டு நாள் தண்ணில கை வெக்காதீங்க மாமா, சோறு நான் ஆக்கறேன்" என்றான். அவ்வளவுதான்.

கேட்டிருக்கலாம், மேடம். திட்டியிருக்கலாம். "இன்னா மாமா இது, உங்களுக்கே நல்லாக்கீதா" என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் அவன் இன்றைக்கு இப்படி ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியிருக்காது. அவன் கேட்கவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். இருபதாம் தேதி மேடையில் நான் ஆழிச் செம்மல் வாங்கும்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஒன்றுமே சொல்லாமல், என் சுட்டுவிரலைப் பார்த்துக் கை தட்டுவான். அதை எந்த மனிதனாவது தாங்குவானா?

ஐந்தாம் தேதி காலை ஹேவ்லாக் துறையில் போனில் சிக்னல் இருந்தது. கன்னியம்மாள் குமரேசனிடம் வாங்கிப் புகாரோடு கொடுத்து, நீங்கள் என் முன்னால் வைத்திருக்கிற இந்த வாட்ஸப் பிரிண்ட் அப்போது அனுப்பியதுதான். மறுக்கவில்லை. "ஐந்தாம் தேதி எப்படிக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்தீர்கள், சம்பவம் எட்டாம் தேதிதானே" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதில் ரொம்பச் சாதாரணம். தை மாசம், மேடம். முகூர்த்த மாசம். குமரேசனிடம் கடைசி நேரத்தில் கொடுத்தால் கிடைக்காது. போன தை மாசம் எங்கள் தெருவில் ஒருத்தருக்குப் பதினாறாம் நாள்தான் ஃப்ளெக்ஸ் வந்தது. அதிலும் மணமக்களை வாழ்த்துகிறோம் என்று கீழே ஒரு வரி இருந்தது. நான் எதையும் முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்கிறவன். வியாபாரத்தில் வந்த பழக்கம்.

வாசகம் நானே எழுதினேன். "கடலன்னையின் மடியில் கண்ணுறங்கச் சென்ற எங்கள் படகின் உதவியாளரே." எங்கள் குரூப் போட்டோவில் இருந்து வெட்டி அவன் படத்தை ஒரு வட்டத்தில் போடச் சொன்னேன். மீதி இடத்தில் தொப்பியோடு நான். வருந்துகிறவர் படம் பெரிதாக இருப்பதுதானே ஊர் வழக்கம். வீட்டுக்கு இன்னும் தெரியாது, வெளியே விடாதே, எட்டாம் தேதிக்குள் நான் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஒன்பதாம் தேதி காலையில் வைத்துவிடு என்றும் எழுதினேன். குமரேசன் உடனே பதில் போட்டான்: "ஆழ்ந்த இரங்கல் கேப்டன். பத்துக்கு எட்டா, பன்னெண்டுக்கு பத்தா?" எப்படி இறந்தான் என்று அவன் கேட்கவில்லை. முகூர்த்த மாசம்.

இப்போது எட்டாம் தேதிக்கு வருகிறேன். இங்கேதான் நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆள் இல்லாத ஒரு சின்னத் தீவு. கொஞ்சம் தென்னை, ஒரு ஊற்று. அங்கே நிற்பதற்குக் காரணம் வேண்டும் என்பதால், போகிற வழியில் டீசலில் கடல் தண்ணீரை ஊற்றினேன். இந்த முறை ஒரு சொம்பு அல்ல, ஒரு குடம். எஞ்சின் நின்றது. கூடுதல் காரணமாக சுக்கான் கம்பியின் போல்ட்டையும் கழற்றியிருந்தேன். பாய் ஏற்கெனவே தையலுக்காகக் கீழே கிடந்தது. அதாவது, திரும்பிக் கிளம்ப எனக்கும் இவையெல்லாம் தேவைப்படும் என்பது அப்போது தோன்றவில்லை. அது ஒரு சிறிய கவனக்குறைவு. இதை எழுத வேண்டியதில்லை.

நங்கூரம் போட்டோம். "டாங்கியக் கழுவ நல்ல தண்ணி வேணும் மாமா" என்றான். ரப்பர் படகில் அவனைக் கரையில் இறக்கிவிட்டு, "குடத்த மறந்துட்டேன்டா, எடுத்துகினு வரேன்" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்பினேன். அவனிடம் ஒரு தீப்பெட்டியும் அரைப் பொட்டலம் முறுக்கும் இருந்தன. முறுக்கு நான் கொடுத்தது. அவனை வெறுங்கையோடு விட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

படகில் ஏறினேன். தொப்பி கீழே அறையில் இருந்தது, எடுக்கப் போனேன். தொப்பி இல்லாமல் ஒரு கேப்டன் புறப்படக் கூடாது. போட்டுக்கொண்டு மேலே வந்தபோது கரை தூரத்தில் இருந்தது. நான் கிளம்பிவிட்டிருந்தேன்.

"படகு தானாப் போச்சி" என்று ஜெயவேல் சொல்வது இந்த இடத்தைத்தான். அவன் சொல்லும் காரணத்தையும் நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். எட்டாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் நங்கூரக் கயிறு தேய்ந்து அறுந்தது. ஜெயவேல் அப்போது பிரெஞ்சுக்காரன் படகில் இருந்தான். ஆகவே நானே இணைத்தேன். நம் ஊரில் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலான பாவு ஒன்று நெய்து முடிந்தால் அதன் நுனி இழையோடு புதுப் பாவின் இழையை எப்படிச் சேர்ப்பார்கள்? விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் வைத்து ஒரு முறுக்கு. முடிச்சு போட மாட்டார்கள்; முடிச்சு தறியில் சிக்கும். நாலாயிரம் இழையையும் அப்படித்தான் சேர்ப்பார்கள், ஒன்றும் விடாது. பட்டுத் தொழிலில் பிறந்தவன் நான். அடுப்புச் சாம்பலைத் தொட்டு, கயிற்றின் இரண்டு நுனியையும் அழகாக முறுக்கிவிட்டேன். "நாலாயிரம் இழை சேந்து தாங்கும் மேடம், ஒத்தக் கயிறு தாங்குமா, மாமாவுக்கு அது தெரியல" என்று அவன் சொன்னானாம். எனக்குத் தெரியல! நான் எடுத்துக்கொண்டு போனேன் என்கிறேன். கயிறு அவிழ்ந்தது என்கிறான்.

சுக்கானைப் பிடித்தேன். அது எந்தப் பக்கம் திருப்பினாலும் இலேசாகச் சுற்றியது. கரையில் ஜெயவேல் இரண்டு கையையும் ஆட்டினான். அழுகிறான், கெஞ்சுகிறான் என்று நினைத்தேன். காற்று அந்தப் பக்கமிருந்து வந்ததால் குரல் தெளிவாகக் கேட்டது.

"மாமா! பயப்படாதீங்க! கெட்டியாப் புடிச்சிக்கினு குந்துங்க! நான் வந்துடறேன்!"

ஒருவனைத் தீவில் விட்டுவிட்டுப் போகும்போது அவன் சொல்கிற வார்த்தையா இது?

அன்று மாலை ஒரு மணல் திட்டில் நான் படகை நிறுத்தினேன். மோதியது என்று அருள்மணி சொல்லியிருப்பார். அவருக்குப் படகு பற்றி என்ன தெரியும். மறுநாள் காலை அவருடைய டுங்கியில்தான், அந்தமான் மீன்பிடிப் படகில்தான், ஜெயவேல் வந்தான். தென்னை மட்டையைக் கொளுத்திப் புகை போட்டு அவரைக் கூப்பிட்டிருக்கிறான். ஊருக்குப் போகலாம் என்றாராம் அவர். "மொதல்ல எங்க மாமாவத் தேடணும், ஜல்தி" என்றானாம் இவன். என் படகில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, "மாமா, மாத்திரை போட்டீங்களா?" இரண்டாவது, "முறுக்கு கொஞ்சம் வெச்சிருந்தேன், தின்றீங்களா?" பிறகு டீசல் டாங்கியைக் கழற்ற ஆரம்பித்தான்.

அவன் அதைச் சரி செய்து போர்ட் பிளேர் போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று. வழியில் சிக்னல் இல்லை. அந்த மூன்று நாளும் ஃப்ளெக்ஸ் பஸ் ஸ்டாண்டில் இருந்திருக்கிறது. கறிகாய் வாங்கப் போன கன்னியம்மாள் அதைப் பார்த்து அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாளாம். ஜெயவேலின் மனைவி சுகன்யா மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தெருவில் தறிச் சத்தமே இல்லையாம். எனக்கு வருத்தம்தான். ஃப்ளெக்ஸில் கலரும் கொஞ்சம் மங்கல் என்று கேள்விப்பட்டேன்.

பன்னிரண்டாம் தேதி ஜெயவேல் போன் போட்டான். "அக்கா, நான்தான். மாமா நல்லா கீறாரு, நீ பயப்படாத" என்றான். அந்தப் பக்கம் போன் கீழே விழுகிற சத்தம் எனக்கே கேட்டது.

பதினாலாம் தேதி பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஃப்ளெக்ஸ் அப்படியே இருந்தது. வைக்கத்தான் ஆள் இருக்கிறார்கள், எடுக்க இல்லை. ஜெயவேல் நின்று இரண்டு நிமிஷம் அண்ணாந்து பார்த்தான். இப்போதாவது கேட்பான் என்று காத்திருந்தேன். "மாமா, அந்த மூலையில கட்டு லூசா கீது. காத்தடிச்சா உங்க மூஞ்சி கிழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, கம்பத்தில் ஏறி இறுக்கிக் கட்டினான். முடிச்சு போட்டான்.

நேற்று அவன் கொடுத்த வாக்குமூலம் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடைக்குப் போனேன். "சுப்பராயலு அண்ணனுக்கு சக்கரை இல்லாம ஒண்ணு" என்றார்கள். பெஞ்சில் ஒருவன், "படகு அண்ணன ஏத்திகினு போச்சா, அண்ணன் படக ஏத்திகினு போனாரா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி என்னைக் கொலைகாரன் என்கிறாள். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஓடுகிற படகை எடுத்துக்கொண்டு போனவன் என்று நம்புகிறாள். ஊரில் அவள் ஒருத்திதான் இன்னும் என்னைக் கேப்டனாக நினைக்கிறாள்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இப்போது கேட்கிற கேள்வி புரிகிறது. எஞ்சின் ஓடவில்லை, சுக்கான் கம்பி கழன்றிருந்தது, பாய் கீழே கிடந்தது, பிறகு எதை வைத்து ஓட்டினீர்கள் என்கிறீர்கள். அனுபவத்தை வைத்து ஓட்டினேன், மேடம். அதை வெளியாளுக்கு விளக்க முடியாது.

சரி, டைப் அடித்துவிட்டீர்கள் என்றால் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பிரிண்டர் வரவில்லையா? பரவாயில்லை, நான் கையாலேயே எழுதித் தருகிறேன். அவனைக் கூப்பிட வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேனே.

கூப்பிட்டுவிட்டீர்கள்.

பாருங்கள். மூடியைத் திறந்தான், உள்ளே கை விட்டான், கசங்கிய தாள் ஒன்றை எடுத்தான், ஊதினான். "இப்ப போடுங்க மேடம்" என்கிறான். இரண்டு தாள் வருகிறது. என்னுடையதுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் பார்க்கக்கூட இல்லை.

"எழுத்து பொடிசா கீது மாமா. கண்ணாடி போட்டுக்கினு படிச்சிட்டு கையெழுத்துப் போடுங்க. இந்தாங்க, இந்தப் பேனா நல்லா எழுதும்."

கேட்டீர்களா? இதைத்தான் சொன்னேன்.

மேடம், இரண்டாம் தாளில் நாலாவது வரியில் "படகு கரையை விட்டு நகர்ந்தது" என்று அடித்திருக்கிறீர்கள். திருத்துங்கள். "நான் படகை நகர்த்தினேன்." கீழே பெயருக்கு முன்னால் கேப்டன் விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்த்துவிடுங்கள். என் மச்சானைச் சாகட்டும் என்று அந்தத் தீவில் விட்டுவிட்டுப் போனவன் நான்தான். வேண்டும் என்றே, முழு மனதோடு, மூன்று நாளுக்கு முன்பே ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிவிட்டுச் செய்தேன். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே போடுங்கள். கயிறு அவிழ்ந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.